ஏப்ரன் மொத்தமாக ஆர்டர் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள்

சமையல் ஆட்களுக்குக் கடைப் பெயர் அச்சடித்த ஏப்ரன் நூறு, இருநூறு என்று மொத்தமாக வாங்க யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குப் போனது 25,987 ரூபாய். பணத்தை இரண்டு விசேஷத்தில் எடுத்துவிடலாம். எங்கள் மாஸ்டர் அண்ணாச்சியின் வலது மணிக்கட்டில் விழுந்த தழும்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் நானும் என் வீட்டுக்காரரும் பதினோரு வருடமாகச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறோம். கல்யாணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், அதோடு மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு. இஞ்சிப் பச்சடியோடு சொதி என்றால் தென்காசி, அம்பாசமுத்திரம் வரைக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். பரிமாறும் பையன்களையும் சேர்த்துப் பெரிய விசேஷத்துக்கு ஐம்பது பேர் வரை நிற்பார்கள். உணவுத் தொழில் உரிமத்துக்கான 2011 விதிமுறைகளில் 4-வது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, சாப்பாட்டைக் கையாளுகிறவர்களுக்குச் சுத்தமான மேலுடையும் தலைமூடியும் கொடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. அதுவரை ஆளுக்கு ஒரு துண்டு என்று ஓட்டிக்கொண்டிருந்தோம். இந்த வருடம் ஒழுங்காகச் செய்துவிடலாம், ஆளுக்கு மூன்று வீதம் துவைத்து மாற்றுவதற்கு 150 ஏப்ரன், அரக்கு நிறம், நெஞ்சில் எங்கள் லோகோ என்று முடிவு செய்தோம். லோகோ என் நாத்தனார் மகள் வரைந்தது. ஒரு தூக்குச்சட்டி, அதன் கீழே ‘நெல்லைச் சொதி விருந்து’ என்று எழுத்து.

உள்ளூரில் தையற்காரர்களிடம் கேட்டதற்கு ஒன்று 220, 230 என்றார்கள். மொத்தமாக எடுப்பதால் நேரே தயாரிப்பாளரிடமே போய்விடலாம் என்று இணையத்தில் தேடினேன். அடுக்களைத் துணி, மேஜைவிரிப்பு, ஏப்ரன் எல்லாம் கரூரில் இருந்துதான் வெளிநாட்டுக்கே போகிறது, அது உண்மை. கரூரில் நல்ல யூனிட்டுகள் எத்தனையோ உண்டு, இதைப் படித்துவிட்டு அந்த ஊரையே யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். என் வினை, ‘மேனுபேக்சரர்’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் போய் மாட்டினேன்.

“அக்கா, நம்ம சொந்த யூனிட்டுங்க, நாப்பது மிஷின் ஓடுதுங்க” என்றார் அந்தத் தம்பி. ஒன்று 165, ஜி.எஸ்.டி. 5 சதவீதம் தனி. நான் கேட்டது 240 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) பருத்தியில் டிரில் என்கிற கெட்டி நெசவுத் துணி, 27க்கு 36 அங்குலம். சாம்பிள் ஒன்று கூரியரில் வந்தது. நல்ல கனமான பருத்தி, தையலும் நெருக்கம். மாஸ்டர் அண்ணாச்சி அதைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்று பார்த்துவிட்டு, “நல்லாருக்கும்மா, வேர்வையை உறிஞ்சுது” என்றார். ஆனால் அந்த சாம்பிளில் அச்சு கிடையாது. லோகோ போட்டு சாம்பிள் வேண்டுமென்றால் ஸ்கிரீன் செலவு 800 ரூபாய் தனியாக ஆகும் என்றதால், கம்ப்யூட்டரில் ஏப்ரன் படத்தின் மேல் லோகோவை ஒட்டி அனுப்பியதையே பார்த்து ஓகே சொல்லிவிட்டேன்.

அடுத்து வந்த கொட்டேஷனில் ‘பி.சி. டிரில்’ என்று இருந்தது. அது துணியின் ரகம் போல என்று நினைத்தேன். பி.சி. என்றால் பாலியஸ்டரும் காட்டனும் கலந்தது, அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும், வெளியே இருக்கிற நமக்குத் தெரியாது. போனில் பேசும்போது அவர் ஒரு தடவைகூட பி.சி. என்று சொல்லவில்லை. காட்டன் காட்டன் என்றுதான் சொன்னார். ஜி.எஸ்.எம். என்று எழுத வேண்டிய இடமும் காலியாகத்தான் இருந்தது.

பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி சரக்கு ஏற்றும் முன். யு.பி.ஐ. எண் கம்பெனிப் பெயரில் இல்லை, ஒரு பெண்ணின் பெயரில் தனிக் கணக்கு. கேட்டதற்கு “வீட்டுல அவங்கதாங்க கணக்கு பாக்குறாங்க” என்றார். பங்குனியில் ஆர்டர் கொடுத்தோம், இருபது நாள் என்றவர் சித்திரை முடிகிற வரை இழுத்தார். சாயப்பட்டறை லேட், பிரிண்டிங்கில் கூட்டம், மிஷின் ரிப்பேர் என்று நாளுக்கொரு காரணம். வைகாசி முதல் முகூர்த்தம் நெருங்க நெருங்க எனக்கு வயிற்றைக் கலக்கியது, அந்த நேரம் பார்த்து மடித்து அடுக்கிய ஏப்ரன் போட்டோ நான்கை அனுப்பி மீதியைக் கேட்டார், நானும் போட்டுவிட்டேன். இப்போது அந்தப் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், மேலே இருக்கிற ஒன்றில் மட்டும்தான் லோகோ தெரிகிறது.

லாரி ஆபீஸில் டூ பே, அதாவது சரக்கை எடுப்பவர் கட்டுகிற லாரி வாடகையைக் கட்டிப் பெட்டியை எடுத்தோம். ரசீதில் எடை 18 கிலோ என்று போட்டிருந்தது. அன்றைக்கு அதைக் கவனிக்கத் தெரியவில்லை. அந்த அளவில் 240 ஜி.எஸ்.எம். துணி என்றால் ஒரு ஏப்ரனுக்குத் துணி மட்டும் 150 கிராம் வரும், நாடாவும் பையும் சேர்ந்தால் 170 பக்கம். 150 ஏப்ரன் 25 கிலோவாவது இருக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்காமலே ரசீதை வைத்துச் சொல்லிவிடலாம், துணி மாறிவிட்டது என்று. எண்ணிப் பார்த்தால் 143 தான் இருந்தது.

பிரித்ததும் கண்ணில் பட்டது எழுத்து. ‘சொதி’ என்பதில் கொம்பு ச-வுக்கு முன்னால் அல்லவா நிற்க வேண்டும்? ச முதலில், அதற்குப் பின்னால் கொம்பு, அப்புறம் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம், அப்புறம் கால் என்று அச்சாகியிருந்தது. ‘நெல்லை’யும் அதே கதி. தமிழ் எழுத்தைச் சரியாகக் கோர்க்கத் தெரியாத மென்பொருளில் நம் எழுத்தைத் தட்டச்சு செய்தால் இப்படித்தான் உடையும். நான் அனுப்பிய படத்தைப் பயன்படுத்தாமல் அவர்கள் தாங்களே தட்டிப் போட்டிருக்கிறார்கள், பிரிண்ட் போட்டவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். தமிழில் லோகோ வைத்திருக்கிறவர்கள் டிசைன் செய்பவரிடம் எழுத்தை ‘கர்வ்’ ஆக மாற்றித் தரச் சொல்லுங்கள். அப்போது அது எழுத்தாக இல்லாமல் கோட்டுப் படமாகிவிடும், எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் உடையாது. ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, நம் எழுத்தில் பெயர் போட ஆசைப்பட்டதற்கு இப்படி ஆனதில் எனக்கு ரொம்ப வருத்தம்.

திருப்பி அனுப்ப நாள் இல்லை. மறுநாள் விடிந்தால் கல்யாணம். எழுத்து தெரியாதபடி உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கட்டச் சொல்லிப் பையன்களை அனுப்பினோம். வைகாசி வெயில் உங்களுக்குத் தெரியும், அதுவும் பந்தி நேரத்தில். ஒன்பது மணிக்குள் வேர்வையில் அரக்குச் சாயம் இறங்கி வெள்ளைச் சட்டை முழுவதும் திட்டுத் திட்டாகப் படிந்துவிட்டது. பெண்ணின் பெரியம்மா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏம்மா, பையனுக்கு அடிகிடி பட்டுட்டா, ரத்தமா இருக்கே” என்று கேட்டார்கள். எனக்கு நாக்கு எழவில்லை.

அடுப்படியில் நடந்ததுதான் பெரிது. மாஸ்டர் அண்ணாச்சி கேஸ் பட்டியில் இருந்து சாம்பார் அண்டாவை இறக்கக் குனிந்தபோது ஏப்ரனின் ஓரம் தீயில் பட்டது. பருத்தி என்றால் ஓரம் கருகும், கையால் தட்டினால் சாம்பலாக உதிரும். இது சுருண்டு, உருகி, தட்டப் போன கையிலேயே ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோலோடு வந்தது. தண்ணீரை ஊற்றி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, பந்தி நடுவில் எல்லா ஏப்ரனையும் கழற்றச் சொன்னேன். அண்ணாச்சி போகும்போது சொன்னது இதுதான்: “யம்மா, இது துணி இல்ல, பிளாஸ்டிக்கு. பையம்மாருக்குக் குடுத்திராதிய.”

அன்றைக்கு ராத்திரி சாம்பிளில் இருந்து ஒரு நூலும் வந்த சரக்கில் இருந்து ஒரு நூலும் உருவி, தீக்குச்சியில் காட்டிப் பார்த்தோம். சாம்பிள் நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகியது. மற்றது கருப்புப் புகையோடு சுருண்டு, நுனியில் கடுகு மாதிரி கெட்டியான மணி ஒன்று நின்றது. மறுநாள் இரண்டிலும் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, டவுனில் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தோம். அந்தச் சதுரம் ஒரு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு, கிராமில் வருவதை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். சாம்பிள் 2.4 கிராம். சரக்கு 1.6. கத்தரிக்கோலும் அளவுகோலும் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் செய்யலாம், நான் செய்தது எல்லாம் முடிந்த பிறகு.

போன் செய்தால், “கொட்டேஷன்ல பி.சி.ன்னு தானேங்க்கா இருக்கு, நீங்க பாத்து ஓகே சொன்னீங்க” என்கிறார் அந்தத் தம்பி. சாம்பிள் மட்டும் பருத்தியில் ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. சாயம் போவதற்கு, “மொத தடவை உப்புத் தண்ணில ஊற வைக்கணும்” என்றார். எழுத்துக்கு, “நீங்க குடுத்த ஃபைலு”. கை வெந்ததைச் சொன்னதும் 2,000 ரூபாய் தருகிறேன் என்றார், அதற்கு அப்புறம் போன் எடுக்கவே இல்லை.

5 சதவீதம் வரி வாங்கியவர் கடைசி வரை பில் தரவில்லை, ‘எஸ்டிமேட்’ என்று ஒரு தாள்தான். அதில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணை அரசாங்கத்தின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு இல்லை, இரண்டு நிமிடம்தான். 15 இலக்கத்தில் முதல் இரண்டும் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் பதிவே ரத்தாகியிருந்தது. கரூரில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் அந்த முகவரிக்கே போய்ப் பார்த்தான். மாடியில் ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், கட்டி வைத்த அட்டைப்பெட்டிகள். ஒரு மிஷின்கூட இல்லை. ஆர்டரை வாங்கி எவன் மலிவாகத் தைக்கிறானோ அவனிடம் தள்ளிவிடுகிற இடைத்தரகர். இடைத்தரகராக இருப்பது குற்றமில்லை, சொந்த யூனிட் என்று சொல்லிப் பணம் வாங்குவது ஏமாற்று.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். சரக்கே வராமல் பணம் மட்டும் போனவர்கள் அதற்கு நிற்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும், பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். தொழிலுக்காக வாங்கினால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று பலர் என்னிடம் சொன்னார்கள். பாதிதான் உண்மை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அவர் நுகர்வோர்தான். ஆள் வைத்துத் தொழில் செய்கிற எங்களை அந்தச் சுயதொழில் வாசகத்துக்குள் கொண்டுவர முடியுமா என்பதை வாதாடித்தான் பார்க்க வேண்டும் என்கிறார் வக்கீல். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கரூருக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

இப்போது துணியை நாங்களே மீட்டர் கணக்கில் எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் பார்த்து, பக்கத்துத் தெருவில் தைக்கிற மகளிர் குழுப் பெண்களிடம் கொடுத்துவிட்டோம். முதலில் 60. ஒன்று 225 ஆகிறது. லோகோ எம்பிராய்டரி, அதை மிஷினுக்கு ஏற்றபடி தையல் ஃபைலாக மாற்றுகிற பஞ்சிங் செலவு ஒரு தடவைதான். ஸ்கிரீன் பிரிண்டே போதும் என்பவர்கள், அச்சடித்த பிறகு 150, 160 டிகிரி சூட்டில் பதப்படுத்துகிறார்களா என்று கேளுங்கள், அதைச் செய்யாவிட்டால் பத்துத் துவைப்பில் லோகோ உரிந்துவிடும். அச்சு போட்ட சாம்பிளுக்குக் கூடுதலாகக் கேட்கிற பணத்தைக் கொடுத்து இரண்டு வாங்கி, ஒன்றில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள், மற்றது உங்களிடமே இருக்கட்டும். கொட்டேஷனில் ‘100 சதவீதம் பருத்தி’ என்ற சொல்லும் ஜி.எஸ்.எம்.மும் எழுத்தில் வந்தால் மட்டும் அட்வான்ஸ்.

அந்த 143 ஏப்ரனும் மூட்டையாகக் கட்டி மாடியில் கிடக்கின்றன. இலவசமாகத் தாருங்கள் என்று இரண்டு புரோட்டாக் கடைக்காரர்கள் கேட்டார்கள், அடுப்புப் பக்கம் நிற்கிற யாருக்கும் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வக்கீலிடம் போனபோது அவர் முதலில் கேட்டது பில்லையோ வாட்ஸ்அப் பேச்சையோ இல்லை, அந்த சாம்பிளைத்தான். மூலையில் ஒரு சதுரம் வெட்டியது போக அப்படியே இருக்கிறது, கூரியர் கவரும் அதில் தேதியும் பத்திரமாக இருக்கின்றன. நோட்டீஸ் திங்கட்கிழமை போகிறது.