வெம்போ காப்பகம், வடக்கு பெரு: கரண்டிவால் சிட்டைப் பார்க்க ஏற்ற இடம்

கரண்டிவால் ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட் வகை) உலகிலேயே வடக்கு பெருவின் ஆண்டிஸ் சரிவுகளில் மட்டும் வாழ்கிறது. அதைப் பார்க்க, போமகோச்சாஸ் ஊருக்கு அருகே உள்ள வெம்போவையே முதலில் பரிந்துரைப்போம். ஆணுக்கு வாலிறகு நான்குதான். அவற்றில் இரண்டு நீண்டு, ஒன்றையொன்று குறுக்கே வெட்டி, நுனியில் நீல ஊதா வட்டுகளாக முடிகின்றன. என்ன அழகு!

ஆனால் பறவைகளுக்காகத் தொங்கவிட்ட சர்க்கரைநீர்க் குப்பியில் ஆண் சில நொடிகளே நிற்கும். உருவில் பெரிய, சண்டைக்கார ஓசனிச்சிட்டுகள் விரட்டிவிடும். கூட்டம் மொய்க்கும் குப்பியை விட்டுவிட்டு, புதரோரம் தனியே தொங்கும் குப்பியைக் கவனியுங்கள். ஒரு மணி நேரம் போதாது, அரை நாள் ஒதுக்குங்கள்.

படமெடுக்கும்போது கேமராவின் ஷட்டர் வேகம் 1/2000 நொடியைவிட மெதுவானால் வால்வட்டு கலங்கித் தெரியும். மூடுபனியில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன்) 3200 வரை ஏற்றலாம்.

குப்பிக்கு 1 பங்கு வெள்ளைச் சர்க்கரை, 4 பங்கு தண்ணீர், சாயம் கூடாது. நீர் கலங்கியிருந்தால் புளித்துவிட்டது என்று பொருள், உடனே பணியாளரிடம் சொல்லுங்கள்.