சிவப்பு எழுத்தைக் காட்டி அரை மாதச் சம்பளத்தைப் பிடுங்கிவிட்டார்கள்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் ஆன்லைன் லேப் ஒன்றிடம் அரை மாதச் சம்பளத்தைத் தொலைத்துவிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று இன்று மதியம் டாக்டர் சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான், ஆனால் வயிறு எரிகிறது.

'72 பரிசோதனைகள், ஒரே பேக்கேஜ்' என்றார்கள். உடம்புக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, சும்மா பார்த்துவைப்போம் என்றுதான் பதிவு செய்தேன். காலையில் வந்த பையனுக்கு நரம்பு கிடைக்கவில்லை. கையை மூடுங்கள், திறங்கள், மறுபடி மூடுங்கள் என்று பாடாய்ப் படுத்தி, இரண்டு முறை குத்தி எடுத்தான். ட்யூபைப் பைக்குள் போட்டுக்கொண்டு 'இன்னும் ஆறு வீடு இருக்கு' என்று ஓடிவிட்டான்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. ஐந்து இடத்தில் சிவப்பு. பொட்டாசியம் 6.2, பக்கத்தில் நார்மல் 3.5 முதல் 5.1 என்று போட்டிருந்தது. நான் மூச்சு விடுவதற்குள் அவர்களுடைய ஆலோசகர் என்று ஒரு பெண் போன் செய்தார். அவசரமே இல்லாத குரல். வீட்டில் யாருக்காவது சிறுநீரகப் பிரச்சினை உண்டா என்று கேட்டார். அப்பாவுக்கு இருந்தது என்று நானே வாயைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், 'அப்படின்னா நாம அலட்சியமா இருக்கக் கூடாது மேடம்' என்றார். அந்த 'நாம'வில் விழுந்தேன். விற்க வந்தவர் என்றே தோன்றவில்லை, கூடப் பிறந்தவர் மாதிரி இருந்தது.

சிறுநீரகப் பேக்கேஜ் ஒன்று, 'எதற்கும் இருக்கட்டும்' என்று புற்றுநோய் மார்க்கர் (ரத்தத்தில் புற்றுநோயின் அடையாளம் தேடும்) பேக்கேஜ் ஒன்று. புதிதாக ரத்தம்கூட வேண்டாமாம், இருக்கிற சாம்பிளிலேயே செய்துவிடுவார்களாம். பணம் கட்டினேன். முதல் பேக்கேஜோடு சேர்த்து அரை மாதச் சம்பளம்.

சிறுநீரக ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது. மார்க்கரில் சிஏ-125 (சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதம்) மட்டும் 41, வரம்பு 35. புற்றுநோய் என்ற சொல்லுக்குக் கீழே ஒரு சிவப்பு எண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு ராத்திரி எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். அதே பெண்ணுக்குப் போன் செய்தேன். 'ரிப்போர்ட்டுக்கு நாங்க விளக்கம் சொல்லக் கூடாது மேடம், உங்க டாக்டரைப் பாருங்க' என்றார். விற்கும்போது மட்டும் விளக்கம் சொல்லலாமா?

இன்று டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, ரத்தம் எடுத்த அன்று மாதவிலக்கா என்று. ஆமாம், இரண்டாம் நாள். அந்த நாட்களில் சிஏ-125 ஏறலாம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) இருந்தாலும் கர்ப்பத்திலும் ஏறலாம், அறிகுறியே இல்லாதவர்களுக்குப் புற்றுநோய் தேட அது உதவாது என்றார். இந்த ஒரு கேள்வியைக் கேட்க லேப்பில் ஒரு ஆள் இல்லை.

அடுத்து ரிப்போர்ட் தலைப்பில் விரலை வைத்தார். சாம்பிள் எடுத்தது காலை 7.10, லேப்புக்கு வந்தது மதியம் 2.40. பொட்டாசியம் பெரும்பாலும் ரத்த அணுக்களுக்குள்தான் இருக்கிறது. அணுக்களைப் பிரிக்காமல் ரத்தத்தை மணிக்கணக்கில் வைத்தாலோ, அணுக்கள் உடைந்தாலோ வெளியே கசிந்து எண் ஏறிவிடும். கையைத் திரும்பத் திரும்ப இறுக்கினாலும் கொஞ்சம் ஏறும். அங்கேயே புதிதாக எடுத்துப் பார்த்தார், 4.3. முதல் ரிப்போர்ட்டின் மற்ற நான்கு சிவப்பும் எல்லையை நூலிழை தாண்டியவை. ஆரோக்கியமான 100 பேரில் 95 பேருக்கு வரும் அளவைத்தான் பெரும்பாலும் நார்மல் என்று வைக்கிறார்களாம். அப்படியானால் 72 பரிசோதனை செய்தால் நோயே இல்லாதவருக்கும் மூன்று நான்கு சிவப்பு விழுவது வெறும் கணக்கு.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். அந்த 6.2 நிஜமென்றால் இதயத் துடிப்பே தடுமாறலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று சொல்லியிருக்க வேண்டும். பொய்யென்றால் மறுபடி ரத்தம் எடுத்திருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் பேக்கேஜ் விற்றார்கள்!

ரீஃபண்ட் கேட்டேன். சாட்டில் ஒரு இயந்திரம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டது. அப்புறம் வந்த ஆள், பரிசோதனை செய்தாகிவிட்டது, பணம் திரும்பாது என்றார். நேரத்தைக் காட்டினேன். ரிப்போர்ட் அடியில் பொடி எழுத்தில் 'மருத்துவ அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று இருக்கிறதே, படிக்கவில்லையா என்றார். அரை மாதச் சம்பளம் ஐயா, அரை மாதச் சம்பளம்! 48 மணி நேரத்தில் மேலாளர் பேசுவார் என்று வைத்துவிட்டார்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சாம்பிள் எடுத்த நேரம், லேப்புக்கு வந்த நேரம் இரண்டையும் பாருங்கள். ஒரே ஒரு சிவப்பு எண்ணை நம்பி அடுத்த பேக்கேஜ் வாங்காதீர்கள், டாக்டரிடம் காட்டி, தேவையென்றால் புதிய ரத்தத்தில் திரும்ப எடுங்கள். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் தைராய்டு பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், அதுவும் எண்ணைக் குழப்புமாம். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடும்போது அலகு ஒன்றுதானா என்று பாருங்கள். சர்க்கரை 100 என்பதும் 5.6 என்பதும் ஒன்றேதான், அலகுதான் வேறு.

அந்த 48 மணி நேரம் நாளை மறுநாளோடு முடிகிறது. யாரும் பேசவில்லை என்றால் நுகர்வோர் புகார் கொடுக்கப் போகிறேன்.