டிசியா, பத்திரமா?

மாமியாரின் தாய்வழி முன்னோர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருந்தவர்கள் வர்ஜீனியா, நார்த் கரோலினா என்று இறங்கி ஒஹையோவுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களைத் தேட இரண்டு வழி: கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிலப் பத்திரம், இல்லையென்றால் குவேக்கர் மாதக்கூட்ட ஏடு, அதாவது மாதாமாதம் கூடும் உள்ளூர்ச் சபையின் பதிவேடு. இரண்டையும் புரட்டிப் பார்த்தாயிற்று. என் ஓட்டு ஏட்டுக்குத்தான்.

பத்திரத்தில் ஏக்கர், ஓடை, பக்கத்து நிலக்காரர் எல்லாம் இருக்கும். விற்றவர் அடுத்து எங்கே போனார் என்பதுதான் பெரும்பாலும் இருக்காது. ஒரே கவுண்டியில் நாலு ஜான் இருந்தால் தலைசுற்றல்தான்.

அந்தக் காலத்தில் குவேக்கர் குடும்பம் ஊர் மாறினால் பழைய கூட்டம் சான்று எழுதித் தரும். நம் பள்ளிக்கூட டிசியேதான்! நடத்தை எப்படி, கடன் பாக்கி உண்டா, கல்யாணப் பேச்சு ஏதும் நிலுவையா என்று விசாரித்த பிறகே கையெழுத்து. புதிய கூட்டம் அதை வாங்கிப் பதிந்துகொள்ளும். வர்ஜீனியாவின் ஹோப்வெல்லில் எழுதியது நார்த் கரோலினாவின் நியூ கார்டனிலும் விழும். கிளம்பிய ஊர், சேர்ந்த ஊர் இரண்டுமே கிடைத்துவிடும். பல சமயம் மனைவி, பிள்ளைகள் பெயரும். அடிமை முறை பிடிக்காமல் தெற்கை விட்டு வந்த குடும்பங்கள் பல, ஒஹையோவில் 1803இல் தொடங்கிய மயாமி மாதக்கூட்ட ஏட்டில் அகப்படுகின்றன. இந்த ஏடுகளைச் சுருக்கி ஹின்ஷா என்பவர் தொகுத்து 1936 முதல் வெளிவந்த தொகுதிகளை முதலில் பாருங்கள். மூல ஏட்டை அப்புறம் திறக்கலாம்.

ஒரு கண்ணி உண்டு. அந்தக் காலக் குவேக்கர்கள் மாதத்துக்குப் பெயர் எழுத மாட்டார்கள், எண்தான். 1752க்கு முன் முதல் மாதம் மார்ச். இது தெரியாமல், ‘3ஆம் மாதம் 1751’ சான்றை மார்ச் என்று எடுத்துக்கொண்டேன். அதே பெயர்க்காரர் அந்த மே மாதம் பழைய ஊரிலேயே நிலம் விற்றிருந்தார். சரி, இவர் வேறு ஆள் என்று தள்ளிவிட்டேன். 3ஆம் மாதமே மே தான். ஒரு வாரம் வீண்.

பத்திரம் ஜெயிக்கும் இடம், கூட்டம் விலக்கிவைத்தவர்கள். அமெரிக்க எல்லைப்புற நாயகன் டேனியல் பூனின் அப்பா ஸ்குவையர் பூன் அப்படித்தான்: இன்னொரு மகன் குவேக்கர் அல்லாத பெண்ணைக் கட்டியதற்காக அப்பாவை விலக்கினார்கள். 1750இல் பென்சில்வேனியாவை விட்டுக் கிளம்பியவருக்கு டிசி ஏது? 1753இல் நார்த் கரோலினாவில் அவர் வாங்கிய 640 ஏக்கரின் பத்திரம் நல்ல தடயம்.

நியூ இங்கிலாந்து ஏடுகளை நான் தொட்டதில்லை. அங்கே இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எங்கள் வரிசையிலும் ஒரு பாட்டி வெளியே கல்யாணம் செய்து விலக்கப்பட்டிருக்கிறார். அவருக்காக இப்போது புருஷன் பெயரில் பத்திரம் தேடிக்கொண்டிருக்கிறேன்.