வண்டியோடு வந்த டயர் ஏமாற்றினால்: அதையே மறுபடி போடுவதா, மாற்றுவதா?

புதுக் கார் வாங்குகிறவர் இன்ஜினைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார், டயரைப் பற்றி வாய் திறக்க மாட்டார். கேட்டாலும் பெரிய பயன் இல்லை. ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று நிறுவனங்களிடம் டயர் வாங்கிப் போடுவது கார் கம்பெனிகளின் வழக்கம். எது நம் வண்டிக்கு அமைகிறதோ அதுதான். அதனால்தான் ஒரே காரை ஓட்டும் இருவரில் ஒருவர் "டயரா, அதுபாட்டுக்கு ஓடுது" என்கிறார், இன்னொருவர் அதற்குள் பட்டன் (சாலையைத் தொடும் வரிப்பள்ளப் பகுதி) தேய்ந்துவிட்டது என்று புலம்புகிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

கம்பெனி டயரைத் தேர்ந்தெடுப்பது கார் தயாரிப்பாளர். அவர் கணக்கு வேறு. சான்றிதழில் மைலேஜ் எண் நன்றாக வரவேண்டும், டெஸ்ட் டிரைவில் சத்தம் கேட்கக்கூடாது, எடையும் விலையும் குறைய வேண்டும். இதற்காகச் சில டயர்களில் ரப்பர் கலவை மாறும், பட்டன் ஆழமும் கொஞ்சம் குறையும். பல நாடுகளில் சட்டப்படி 1.6 மி.மீ. ஆழத்துக்குக் கீழே ஓட்டக்கூடாது. 8 மி.மீ. ஆழமுள்ள டயரில் நாம் பயன்படுத்தக் கிடைப்பது 6.4 மி.மீ. அதுவே 7 மி.மீ. என்றால் 5.4 தான். ஒரு மில்லிமீட்டர் போனால் ஆயுளில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு போகிறது. "சீக்கிரம் தேய்ந்தது" என்ற புகாரில் கொஞ்சம் இந்தக் கணக்கு.

மிச்சம் வண்டியுடையதாகவும் இருக்கலாம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் என்றால் காற்று அதிகம். ஒரு பக்க ஓரம் மட்டும் போயிருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், சரியில்லை. ஆங்காங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் நாலு டயரை மாற்றினால் புதிதும் அதே மாதிரி தேயும். நாலும் ஒரே சீராக, சீக்கிரமாகத் தேய்ந்திருந்தால் டயர்மேல் சந்தேகம் வலுக்கும். ஆனால் வேகமும் பிரேக் பழக்கமும் அதில் பங்கு கேட்கும்.

வண்டியா டயரா என்ற சண்டை பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் ஏராளமானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளோடு வந்தவை. பட்டன் பகுதி அடியிலுள்ள எஃகுப் பெல்ட்டோடு பிய்ந்து, வண்டிகள் கவிழ்ந்தன. 270-க்கும் மேற்பட்ட மரணங்கள் இந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்டன. ஃபோர்டு டயரைக் கைகாட்டியது, ஃபயர்ஸ்டோன் வண்டியைக் கைகாட்டியது. வண்டிக்கு ஃபோர்டு சொன்ன காற்று 26 பிஎஸ்ஐ, ஃபயர்ஸ்டோன் சொன்னது 30. இந்த விவகாரத்துக்குப் பின் வந்த சட்டத்தால்தான் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு அங்கே புதுக் கார்களில் கட்டாயமானது.

சரி, டயர்தான் குற்றவாளி என்று வைத்துக்கொள்வோம். முதலில் எல்லோருக்கும் தோன்றுவது கிளெய்ம். வண்டி வாரண்டியில் டயர் பெரும்பாலும் சேராது. டயர் நிறுவனத்திடம்தான் போகவேண்டும். அவர்கள் தயாரிப்புக் குறையை ஏற்பார்கள், சாதாரணத் தேய்மானத்தை ஏற்க மாட்டார்கள். பக்கவாட்டில் பொடைத்திருந்தால், பள்ளத்தில் அடிபட்டு உள்ளே நூல் அறுந்தது என்பதே அநேகமாக அவர்கள் பதில். பல சமயம் அது சரியும்கூட. ஆனால் பேலன்சிங் செய்தும் நிற்காத அதிர்வு, பட்டன் பகுதி பிரிவது போன்றவற்றுக்குக் கேட்டே ஆகவேண்டும். மீதமிருக்கும் ஆழத்தை வைத்துத்தான் தள்ளுபடி போடுவார்கள் என்பதால், தேயும்வரை காத்திருந்து போனால் கையில் கிடைப்பது சொற்பம்.

அதே டயரையே மறுபடி வாங்குவது பலருக்கு அபத்தமாகப் படும். ஒரே ஒரு டயர் கெட்டு மற்ற மூன்றும் புதிதாக இருந்தால், அல்லது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால், அதுதான் சரியான முடிவு. அத்தகைய வண்டியில் டயர்களின் சுற்றளவு மாறினால் கியர் அமைப்புக்குக் கேடு. சில ஜெர்மன் கார்களின் டயரில் பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ என்று குறி இருக்கும். குறி இல்லாத அதே பெயர் டயர் அதே டயர் அல்ல. இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாமல், ஏமாற்றிய டயரையே தேடிப் போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

அதே சைஸில் வேறு மாடல் வாங்குவதே பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை. எது உங்களை வாட்டியது என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஈரத்தில் பிடி, நீண்ட ஆயுள், குறைந்த எரிபொருள் மூன்றையும் ஒரே டயரில் முழுசாகப் பெறுவது கடினம். மழையில் வழுக்கியது என்றால் ஈரப்பிடிக்கு நல்ல தரம் உள்ளதை எடுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். டயரின் சுவரில் சைஸை அடுத்து 91வி என்று போட்டிருந்தால், ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 240 கி.மீ. வேகத்துக்குத் தகுந்தது என்று பொருள். இரண்டிலும் கீழே இறங்காதீர்கள்.

சைஸை ஏற்றுவதுதான், அதாவது பெரிய ரிம்மும் அகலமான டயரும் போடுவதுதான், அதிகம் ஆசைகாட்டும் வழி. 205/55 ஆர்16-க்குப் (மி.மீ.யில் அகலம், அதில் எத்தனை சதவீதம் சுவர் உயரம், அங்குலத்தில் ரிம் விட்டம்) பதில் 225/45 ஆர்17 போட்டால் மொத்த விட்டம் 632-லிருந்து 634 மி.மீ. ஆகிறது, அவ்வளவுதான். ஸ்பீடோமீட்டர் குழம்பாது, வண்டி திருப்பத்தில் நன்றாக நிற்கும், பார்க்கவும் கம்பீரம். ஆனால் பக்கச்சுவர் 113-லிருந்து 101 மி.மீ.க்கு இறங்குகிறது. பள்ளத்தில் விழுந்து டயர் பொடைத்ததற்காகவே மாற்றப் போகிறவர், இன்னும் சீக்கிரம் பொடைக்கும் டயரை வாங்கி வருகிறார். கரடுமுரடான சாலையில் ஓட்டுபவருக்கு இது வேண்டாத வேலை.

ரன்-ஃப்ளாட் டயர்க்காரர்கள் தனி ரகம். காற்றே இல்லாமல் சுமார் 80 கி.மீ. தூரம், 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் ஓட்டலாம் என்பது அதன் பெருமை. சுவர் விறைப்பாக இருப்பதால் குலுக்கல்தான் அதன் விலை. சாதாரண டயருக்கு மாறினால் பயணம் மெத்தென்று மாறும். ஆனால் அந்த வண்டிகளில் பொதுவாக ஸ்டெப்னி இருக்காது. பஞ்சர் கிட்டோடு சமாளிக்கத் தயார் என்றால் மாறலாம். சுவர் கிழிந்தால் கிட் உதவாது.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், முன்சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தாலும் புதியவை பின்னால் போகவேண்டும். ஈரத்தில் பின்பக்கம் சறுக்கினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது கடினம். மாட்டுவதற்கு முன், எப்போது செய்தது என்று சொல்லும் பக்கச்சுவர் நாலு இலக்கத்தையும் பாருங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம் செய்தது. வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்ததை நீட்டினால், வேறு எடுத்து வரச் சொல்லுங்கள்.