ஹாட் டப்: எத்தனை பேருக்கு எத்தனை லிட்டர்? டொராண்டோ குளிரில் நீண்ட நாள் ஓட்டிய கணக்கு

கடையில் 'ஏழு பேர் உட்காரலாம்' என்று எழுதி வைத்திருக்கும் ஹாட் டப்பில் (வீட்டு முற்றத்தில் வைத்து உட்காரும் சுடுநீர்த் தொட்டி) நான்கு பெரியவர்கள் நிம்மதியாக உட்காரலாம். ஐந்தாவது ஆள் வந்தால் கால் வைக்க இடம் தேட வேண்டும். மிச்ச இரண்டு சீட்டும் ஷேர் ஆட்டோவில் ஆள் ஏற்றுகிற கணக்கு. சீட்டுகள் எல்லாம் சுவரோரமாக இருந்தாலும், அத்தனை பேரின் கால்களும் வந்து சேர்வது நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான். ஏழடிச் சதுர டப்பில்கூட அந்தப் பள்ளம் இரண்டரை, மூன்று அடி அகலத்தைத் தாண்டாது. கடைக்குப் போனால் காலி டப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறி உட்காருங்கள். முட்டிக்கு முட்டி இடித்தால் அந்த அளவு ஒத்துவராது. விற்பவர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம், இது அங்கே தினமும் நடப்பதுதான்.

டொராண்டோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கம் நம் வீடுகளில் வழக்கமான தலைக்கணக்கு இதுதான்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பெற்றோருக்கான நீண்டகால 'சூப்பர் விசா'வில் வந்திருக்கும் தாத்தா பாட்டி. ஆறு பேர் என்றாலும் ஆறு பேரும் ஒன்றாக இறங்குவது அபூர்வம். வார நாளில் இரண்டு பேர், சனி ஞாயிறு நான்கு பேர், அவ்வளவுதான். இந்த வீட்டுக்கு ஆறரை அடி முதல் ஏழடி வரையிலான சதுரம், 1200 முதல் 1450 லிட்டர், படுக்கை சீட் இல்லாத மாடல், 240 வோல்ட் இணைப்பு. எங்கள் தீர்ப்பு இதுதான். எட்டடி டப்பை வருஷத்துக்கு ஒரு பார்ட்டிக்காக வாங்கி, மீதி நாள் முழுக்கச் சூடேற்றிக்கொண்டிருப்பது வீண். இரண்டு மூன்று பேர் டப் 700 முதல் 1000 லிட்டர் பிடிக்கும், தம்பதிக்கு அது அருமை. பிள்ளைகள் இறங்க ஆரம்பித்ததும் தகராறு தொடங்கும்.

தகராறு இடத்தில் மட்டுமில்லை, தண்ணீரிலும்தான். கழுத்தளவு மூழ்கி உட்காரும் ஒரு பெரியவர் ஏறக்குறைய 60 லிட்டர் தண்ணீரை இடம் மாற்றுவார். நான்கு பேர் என்றால் 240 லிட்டர். ஏழடிச் சதுர டப்பில் நீர்மட்டம் ஐந்தாறு சென்டிமீட்டர் ஏறும், பரவாயில்லை. சின்ன டப்பில் பத்து சென்டிமீட்டர் ஏறி விளிம்பில் வழியும். எல்லோரும் எழுந்த பிறகுதான் வினை: வழிந்தது போக மிச்ச தண்ணீர், பம்ப் நீரை இழுக்கும் ஃபில்டர் வாய்க்குக் கீழே இறங்கிவிடும். பம்ப் காற்றை இழுத்து கடகடவென்று சத்தம் போடும், ஹீட்டர் தானாக நின்றுவிடும். டப் கெட்டுப்போச்சு என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிடுகிறவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான்.

அடுத்தது கிருமியைக் கொல்லும் குளோரின். ஹாட் டப்பில் குறைந்தது 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) குளோரின் நிற்க வேண்டும், புரோமின் போட்டால் 4. தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8. இதில் 3 பிபிஎம் என்பது 800 லிட்டரில் வெறும் 2.4 கிராம், 1400 லிட்டரில் 4.2 கிராம். சுடுநீரில் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் சில கிராம் குளோரினைத் தின்றுவிடும். சின்ன டப்பில் நான்கு பேர் அரை மணி நேரம் இருந்தால், வெளியே வரும்போது குளோரின் அளவு காட்டும் சோதனை ஸ்ட்ரிப்பை முக்கினால் நிறமே மாறாது. பெரிய டப்பிலும் எழுந்தவுடன் டைக்ளோர் என்ற குளோரின் தூள் போட வேண்டியதுதான். 1400 லிட்டரில் 3 பிபிஎம் ஏற்ற ஏழெட்டு கிராம் பிடிக்கும். ஆனால் நடுவில் தண்ணீர் பாதுகாப்பில்லாமல் நிற்கும் நேரம் குறையும்.

டைக்ளோரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 10 பிபிஎம் குளோரின் ஏற்றும்போது கூடவே 9 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேரும். அது ஆவியாகாது, சேர்ந்துகொண்டே போகும், குளோரினின் வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே புதுத் தண்ணீருக்கு முதல் இரண்டு மூன்று வாரம் டைக்ளோர், அதற்குப் பிறகு வாசனை சேர்க்காத சாதாரண திரவ பிளீச்.

தண்ணீரை எப்போது மாற்றுவது என்பதற்குத் தொழிலில் ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. அமெரிக்க கேலனை மூன்றால் வகுத்து, தினம் இறங்கும் ஆள் எண்ணிக்கையால் மறுபடி வகுத்தால் வருவது நாள் கணக்கு. லிட்டரில் என்றால் மூன்றுக்குப் பதில் 11.4. தினம் நான்கு பேர் இறங்கும் 1400 லிட்டர் டப்புக்கு 30 நாள் வரும், 800 லிட்டர் டப்புக்கு 17 நாள்தான். தினம் சராசரி ஒருவர்தான் என்றால் பெரியதற்கு நான்கு மாதம் ஓடும். கனடாவில் இந்த வித்தியாசம் பெரிய விஷயம், ஜனவரியில் டப்பைக் காலி செய்ய யாருக்கும் பிடிக்காது. நவம்பரில் ஒரு முறை, பனி உருகியதும் மார்ச் கடைசியில் ஒரு முறை என்று தள்ளிவிடக் கூடிய அளவு தண்ணீர் டப்பில் இருக்க வேண்டும். 800 லிட்டரில், குடும்பப் பயன்பாட்டில், அது நடக்காது.

படுக்கை சீட் பற்றி. கடையில் எல்லோருக்கும் முதலில் பிடிப்பது அதுதான். வீட்டில் முதலில் சலிப்பதும் அதுதான். இரண்டு பேர் இடத்தை ஒன்றே பிடித்துக்கொள்ளும். உயரம் குறைந்தவர்கள் படுத்தால் பாதம் எதிர்ச்சுவரை எட்டாது, ஜெட் (சீட்டுச் சுவரிலிருந்து பீறிடும் நீர்) போட்டதும் உடம்பு மிதந்து மேலே வந்துவிடும். ஐந்தடி இரண்டு அங்குலப் பெண்மணிகளுக்கு அதில் படுப்பது பெரும் போராட்டம். வீட்டில் ஆறடி ஆள் ஒருவர் இருந்து, முதுகுவலிக்காகவே வாங்குகிறார் என்றால் சரி. இல்லையென்றால் அந்த இடத்தில் ஓர் ஆழமான சீட்டும், சூடு தணிய உட்காரும் உயரமான சீட்டும் உள்ள மாடல் எடுங்கள். அந்த உயரமான சீட்டில்தான் பிள்ளைகள் உட்காருவார்கள். தண்ணீர் நெஞ்சளவில் நிற்கும்.

ஐந்து வயதுக்குக் கீழே ஹாட் டப் வேண்டவே வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கும் 35, 36 டிகிரி செல்சியஸ், பத்து நிமிடம் போதும். டப் ஏறக்கூடிய உச்சம் 40 டிகிரி, அதாவது டப்பின் கட்டுப்பாட்டு பேனலில் 104 ஃபாரன்ஹீட். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடும் தாத்தாவுக்கும், சர்க்கரையால் பாதம் மரத்துப்போன பாட்டிக்கும் அதே விதி. பெரிய டப்புகள் 38 அங்குலம்கூட உயரம் இருக்கும், பனி படிந்த படியில் ஏறி இறங்குவது முதியவர்களுக்கு ஆபத்து. கைப்பிடிக் கம்பி கூடுதல் செலவு என்று விடாதீர்கள்.

பம்ப் தண்ணீரை இழுக்கும் உறிஞ்சு துளையின் மூடியை மாதம் ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். விரிசலோ ஆட்டமோ இருந்தால் மாற்றும்வரை யாரும் இறங்கக் கூடாது. 2002-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி ஹாட் டப்பின் உறிஞ்சு துளையில் சிக்கி மூழ்கி இறந்தாள். 2007-ல் அவள் பெயரிலேயே பாதுகாப்புச் சட்டம் வந்தது. நீண்ட கூந்தலைக் கொண்டை போட்டுத்தான் இறங்க வேண்டும்.

கரண்ட் விஷயம் அளவோடு ஒட்டியது. சுவர் பிளக்கில் மாட்டும் 120 வோல்ட் டப்பில் ஹீட்டர் பொதுவாக 1 கிலோவாட். 240 வோல்ட் என்றால் 5.5 கிலோவாட். 1400 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 1.6 யூனிட் வேண்டும். குழாய்த் தண்ணீர் 5 டிகிரியில் வந்து 39-க்கு ஏற வேண்டுமானால் 55 யூனிட். 5.5 கிலோவாட்டில் பத்து மணி நேரம். 1 கிலோவாட்டில் வெப்ப இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு நாளைத் தாண்டும். அதைவிட மோசம், பல 120 வோல்ட் டப்புகளில் ஜெட் பம்ப் வேகமாக ஓடும்போது ஹீட்டர் நின்றுவிடும். மைனஸ் பதினைந்தில் மூடியைத் திறந்து ஜெட்டைப் போட்டால் சூடு கண்ணெதிரே இறங்கும். இரண்டு பேர் சின்ன டப்புக்கு மேல் 120 வோல்ட் பக்கம் போகாதீர்கள். 240-க்கு 50 ஆம்பியர் ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் (மின்கசிவு வந்தால் உடனே துண்டிப்பது), 6 கேஜ் செம்புக் கம்பி, டப்பிலிருந்து கைக்கு எட்டாத, ஆனால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கரண்டைத் துண்டிக்கும் டிஸ்கனெக்ட் பெட்டி. ஒன்டாரியோவில் ஆள் வைத்துச் செய்தால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர்தான் இதைச் செய்ய வேண்டும், மின் பாதுகாப்பு அமைப்பான இ.எஸ்.ஏ.வில் பதிவும் வேண்டும். வீட்டின் மின் பேனலே 100 ஆம்பியர் என்றால், டப் விலை பேசும் முன் அதில் இடமிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

2023 மே முதல் ஒன்டாரியோவில் இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவான இரவுக் கட்டணத் திட்டம் இருக்கிறது. ஹாட் டப்புக்கு இது அள்ளிக் கொடுக்கும் என்று மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அதே திட்டத்தில் வார நாள் மாலை 4 முதல் 9 வரை கட்டணம் எகிறும். நம் வீடுகளில் டப்பில் இறங்குவது ஏழு, எட்டு மணிக்கு. மாறினால் ஃபில்டர் ஓட்டத்தை இரவு 11-க்கு மேல் வைத்து, எக்கனாமி மோடில் அப்போது மட்டும் சூடேறும்படி அமைத்து, ஒன்பது மணிக்குப் பிறகு இறங்குங்கள். நன்றாக மூடிய 1400 லிட்டர் மாலை வரை சில டிகிரிக்கு மேல் இழக்காது. தண்ணீர் அதிகம் என்றால் சூடும் மெதுவாகத்தான் இறங்கும். 2013 டிசம்பர் பனிப்புயலில் டொராண்டோவில் நாள்கணக்கில் கரண்ட் போனது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் சின்ன டப்பின் குழாய்கள்தான் முதலில் உறையும். கரண்ட் போனால் செய்யக்கூடாத ஒரே காரியம், எப்படி இருக்கிறது என்று மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது.

எடை. 1400 லிட்டர் தண்ணீர் 1400 கிலோ, காலி டப் 400, ஐந்து பேர் 350. மொத்தம் 2150 கிலோ, 49 சதுர அடியில். சதுர அடிக்கு 97 பவுண்டு. சாதாரண வீட்டு டெக் (பின்வாசல் மரத்தளம்) தாங்கும்படி கட்டப்படுவது சதுர அடிக்கு 40 பவுண்டுக்கு. டெக்கின் மேல் வைக்கலாம் என்று யார் சொன்னாலும் எஞ்சினியர் கையெழுத்தில்லாமல் நம்பாதீர்கள். தரையில் ஜல்லி இறுக்கி நான்கு அங்குல கான்கிரீட் போடுவதுதான் நிம்மதி. தளம் ஒரு பக்கம் சாய்ந்தால் நீர்மட்டத்திலேயே தெரிந்துவிடும், டப்பின் ஓடு நாளாவட்டத்தில் விரிசல் விடும்.

இதையெல்லாம்விட அதிகம் பேரை ஏமாற்றுவது பக்கவாட்டுச் சந்து. டப்பைச் சாய்த்துத்தான் பின்னால் கொண்டுபோவார்கள், அப்போது அதன் உயரமே அகலமாகிவிடும். 36 அங்குல டப்புக்கு வண்டியோடு சேர்த்து 40 முதல் 42 அங்குலம் வேண்டும், தலைக்கு மேலே எட்டடி. வீட்டுக்கு வீடு நான்கடி சந்து விட்டிருக்கிறார்களே என்பீர்கள். அதில் கேஸ் மீட்டர் ஒன்பது அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும், வேலிக் கேட்டின் கட்டை மூன்று அங்குலம் தின்னும். அளப்பது சந்தின் அகலத்தையல்ல, அதன் மிகக் குறுகிய இடத்தை. போகாவிட்டால் கிரேன் வைத்துக் கூரைக்கு மேலே தூக்க வேண்டும், அது தனிச் செலவு. வேலி, பூட்டு விதிகள் நகராட்சிக்கு நகராட்சி வேறுபடும், உங்கள் நகராட்சியிலேயே கேட்டுவிடுங்கள்.

டப்பின் மூடி தடிமனில் நடுவில் ஐந்து அங்குலம், ஓரத்தில் மூன்று என்று சரிவாக இருக்க வேண்டும். பனி பெய்த மறுநாள் காலையில் அதைப் பார்த்தாலே நிலைமை தெரியும். பனி அப்படியே வெள்ளையாகப் படிந்திருந்தால் நல்ல மூடி. நடு மடிப்பில் மட்டும் கோடு போட்டாற்போல உருகியிருந்தால் அந்த வழியாகச் சூடு போகிறது, கரண்ட் பில்லும் அப்படியே போகும். நாளாக ஆக உள்ளே இருக்கும் ஃபோம் நீராவியைக் குடித்துக் கனக்கும். ஏழடி மூடியை, தூக்கி மடிக்கும் கம்பியான லிஃப்டர் இருந்தால் ஒருவரே திறக்கலாம். எட்டடி மூடி ஊறிவிட்டால் இரண்டு ஆண்கள் வேண்டும். திறக்கக் கஷ்டமான டப்பில் யாரும் இறங்குவதில்லை. லிஃப்டருக்காகப் பின்பக்கம் ஒன்றரை முதல் இரண்டு அடி விட மறக்காதீர்கள்.

நம் வீடுகளுக்கென்றே ஒன்று: தலையில் தேங்காய் எண்ணெயோடு இறங்கினால் அன்றிரவே நுரை. ஃபில்டர் மடிப்பெல்லாம் வழவழவென்று அடைத்து நீரோட்டம் குறையும், வெறும் தண்ணீர் அடித்தால் போகாது. ஃபில்டர் கிளீனரில் ஓரிரவு ஊறப் போட வேண்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் ஞாயிறு இறங்கட்டும். நீச்சல் உடையில் மிச்சமிருக்கும் சலவை சோப்பும் இதே வேலையைச் செய்யும்.

தண்ணீர் மாற்றும்போது முதலில் பிரேக்கரை அணையுங்கள். நிரப்பும் ஹோஸை டப்பின் நடுவில் போடாமல் ஃபில்டர் குழிக்குள் விடுங்கள், குழாயில் இருக்கும் காற்று வெளியேறிவிடும். குளிர்காலத்தில் வெளிக்குழாயின் வால்வை உள்ளிருந்து மூடியிருப்பீர்கள், பேஸ்மென்ட் லாண்டரி குழாயிலிருந்துதான் ஹோஸ் வர வேண்டும். கொஞ்சம் சுடுநீர் கலந்தால் ஹீட்டருக்கும் வேலை மிச்சம். நிரப்பிய பிறகு பம்ப் உறுமுகிறது, ஆனால் ஜெட்டில் தண்ணீர் வரவில்லை, பேனலில் நீரோட்டக் கோளாறு என்று காட்டுகிறது என்றால் காற்று அடைத்திருக்கிறது. பிரேக்கரை மறுபடி அணைத்து, பம்ப்பின் மேல்பக்க யூனியனை (குழாய் இணைப்புத் திருகை) கையால் கால் சுற்று தளர்த்துங்கள். புஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் கசியத் தொடங்கியதும் இறுக்கிவிட்டு பிரேக்கரைப் போடலாம்.