கிளட்ச் ஆயில் கசிவு: மேலேயா, கீழேயா, உள்ளேயா?

காலையில் கிளட்ச் பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். நாலு தடவை பம்ப் அடித்தால் சரியாகிவிடுகிறது, சாயங்காலம் மறுபடியும் அதே கதை. மாருதி 800 மாதிரி கேபிள் கிளட்ச் வண்டி என்றால் கேபிளைப் பார்த்தால் போதும். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயிலின் அழுத்தம்தான் வேலை செய்யும், அதில் ஆயில் எங்கே போகிறது என்று தேட வேண்டும். தேடாமலே "கியர்பாக்ஸை இறக்கணும்" என்று சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. எனக்கும் ஒரு பட்டறையில் அப்படித்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து டிரைவர் காலடியில் கிடக்கும் ஃப்ளோர் மேட்டைத் தூக்கிப் பார்த்தேன், கார்பெட் ஈரம். கியர்பாக்ஸைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

கசியக்கூடிய முக்கிய இடங்கள் மூன்று. மேலே, பெடலுக்கு நேர் முன்னால் மாஸ்டர் சிலிண்டர், பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்புவது. கீழே, பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) வெளிப்பக்கம் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் ஸ்லேவ் சிலிண்டர், அந்த அழுத்தத்தை வாங்கி கிளட்சை விடுவிப்பது. டொயோட்டா இன்னோவாவில் இப்படித்தான். ஃபோர்டு ஃபியஸ்டா போன்ற வண்டிகளில் ஸ்லேவ் வெளியே இருக்காது. பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே, கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி, கிளட்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். பட்டறையில் இதை சிஎஸ்சி (கான்சென்ட்ரிக் ஸ்லேவ் சிலிண்டர்) என்பார்கள். ஆக, ஒரு வண்டியில் சந்தேகப்பட வேண்டியது மாஸ்டர், அப்புறம் இந்த இரண்டு ஸ்லேவில் ஒன்று, நடுவில் ஓடும் பைப்பும் ஹோஸும். பைப்பை அதிகம் பேச வேண்டாம். துடைத்துவிட்டு ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொன்னால் ஈரம் தானாகத் தெரியும்.

முதலில் ஆயில் டப்பாவைப் பாருங்கள். நிறைய வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். கிளட்சுக்குப் போகும் குழாய் டப்பாவில் கொஞ்சம் உயரத்தில் இருக்கும், கிளட்ச் கசிந்தாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. அந்த உயரம் வரை இறங்கி, அதற்குக் கீழே போகாமல் நின்றிருந்தால் கிளட்ச் பக்கம்தான் கசிவு என்று பெரும்பாலும் நம்பலாம். பிரேக் பேட் தேய்ந்தாலும் அளவு கொஞ்சம் இறங்கும், அதையும் மனதில் வையுங்கள்.

மாஸ்டர் கசிந்தால் ஆயில் பெரும்பாலும் கேபினுக்குள் வரும். பெடலையும் மாஸ்டரையும் இணைக்கும் புஷ் ராடைப் பிடித்து வழிந்து, பெடலில் இறங்கி, மேட்டுக்கு அடியில் தேங்கும். பெடலுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினாலே போதும். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் பொருமி உரிந்திருக்கும், அதுவும் நல்ல அடையாளம்.

ஆனால் சொட்டு ஆயில் வெளியே வராமலும் மாஸ்டர் கெட்டுப்போகும். உள்ளே இருக்கும் முதல் சீல் (ஆயிலைத் தடுக்கும் ரப்பர்) தேய்ந்தால் அழுத்தம் மறுபடி டப்பாவுக்கே திரும்பிவிடும். எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து பெடலை மிதித்துப் பிடியுங்கள். கால் அசையாமல் இருக்க, பெடல் மெல்ல மெல்ல இறங்கி வண்டி முன்னே இழுத்தால் அழுத்தம் எங்கோ நழுவுகிறது. ஸ்லேவில் சீல் போனால் ஆயில் வெளியேதான் வந்தாக வேண்டும், போக வேறு வழி கிடையாது. அதனால் ஆயில் குறையவே இல்லை, பெடல் மட்டும் இறங்குகிறது என்றால் என் கை மாஸ்டரைத்தான் காட்டும். பெடல் ஸ்பிரிங் மாதிரி துள்ளி, பம்ப் அடிக்க அடிக்க இறுகினால் அது காற்று. காற்று எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

வெளி ஸ்லேவ்தான் மூன்றிலும் சுலபம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ரப்பர் பூட்டை விலக்கிப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சீல் போய்விட்டது. கிட் (புது சீல் செட்) மட்டும் மாற்றலாமா என்று கேட்பார்கள். சிலிண்டர் உட்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் மாற்றலாம். துருப்புள்ளியோ கோடோ தெரிந்தால் புது சிலிண்டரே போடுங்கள், இல்லையென்றால் புது சீலையும் அது சீக்கிரமே கிழித்துவிடும்.

சிஎஸ்சியில்தான் ஏமாறுகிறோம். பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டு விழுந்தால் மூன்று ஆயில்களில் எதுவாகவும் இருக்கலாம்: கிராங்க் பின்பக்க சீலிலிருந்து எஞ்சின் ஆயில், இன்புட் ஷாஃப்ட் சீலிலிருந்து கியர் ஆயில், சிஎஸ்சியிலிருந்து பிரேக் ஆயில். ஒரு சொட்டை டம்ளர் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும், மற்ற இரண்டும் மேலே மிதக்கும். மிதப்பதில் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். கரைந்தது, மேட்டுக்கு அடியிலும் பைப்பிலும் ஈரமே இல்லை என்றால்தான் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதியுங்கள்.

இறக்கிய பிறகு கிளட்ச் பிளேட்டைப் பாருங்கள். ஆயில் ஊறிய பிளேட்டைக் கழுவிப் போட்டால் நழுவும், உதறும். அந்த வேலைக்கூலியை இரண்டாவது தடவை கொடுப்பதைவிட பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், சிஎஸ்சி மூன்றையும் ஒரே தடவையில் மாற்றுவதுதான் லாபம். வெளி ஸ்லேவில் எனக்கு இந்த அவசரம் கிடையாது. பிளேட் நன்றாக இருந்தால் விட்டுவிடுவேன்.

ஊற்றும் ஆயில் டப்பா மூடியில் போட்டிருப்பதுதான், பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகை. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றினால் ரப்பர் சீல் எல்லாம் உப்பிவிடும், டப்பா ஒன்றே என்றால் பிரேக்கும் போய்விடும். புது சிஎஸ்சி போடும்போது, கியர்பாக்ஸை ஏற்றி போல்ட் முறுக்கும் வரை பெடலை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரே பிரஷர் பிளேட் இல்லாததால் பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டு, புது சீல் அங்கேயே போய்விடும்.