டாங்கிக்கு நிழல் தீட்ட எது நல்லது: ப்ரீ-ஷேடிங்கா, மாடுலேஷனா, ஆயில் கலரா?

1/35 அளவு (நிஜத்தில் 35இல் ஒரு பங்கு) மாடல் டாங்கிக்கு ஒரே நிறத்தைச் சீராக அடித்து வைத்தால் பொம்மையாகத்தான் தெரியும். நிஜ வண்டியில் விழும் நிழல் இத்தனை சிறிய உருவத்தில் விழாது, அதை நாமே பெயின்டால் உண்டாக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் பரவலாக இருக்கின்றன. இரண்டு பருவமழையும் கொட்டும் குமரி மாவட்டத்தில் உட்கார்ந்து பெயின்ட் அடிப்பவருக்கு என் பரிந்துரை ஆயில் கலர்தான்.

ப்ரீ-ஷேடிங் என்பது ப்ரைமர் என்ற அடிப்பூச்சு காய்ந்ததும் இடுக்குகளிலும் அடிப்பக்கத்திலும் கறுப்போ கரும்பழுப்போ அடித்து, அதன்மேல் அசல் நிறத்தை மெலிதாக ஏற்றுவது. விமான மாடலுக்கு நன்றாக எடுபடும், அங்கே தகட்டுக் கோடுகள் ஏராளம். டாங்கியின் கவசமோ பெரிய வெற்றுத் தகடு. சோவியத் டாங்கியான டி-34இன் முன்தகட்டில் ஓட்டுநர் கதவையும் எந்திரத் துப்பாக்கியையும் விட்டால் நிழலுக்குக் கோடு ஏது? தவிர, ஒரு கோட் கூடிப்போனால் கீழே அடித்ததெல்லாம் மறைந்துவிடும்.

கலர் மாடுலேஷன் அழகானது. ஒவ்வொரு தகட்டையும் மேலே வெளிறியதாகவும் கீழே அடர்த்தியாகவும் அடித்து, பக்கத்துத் தகட்டில் அதைத் திருப்பிப் போடுவார்கள். விளிம்புகள் பளிச்சென்று பிரியும். சோவியத் பச்சை, இரண்டாம் உலகப் போரின் முற்பாதி ஜெர்மன் அடர்சாம்பல் போன்ற ஒற்றை நிற வண்டிகளுக்கு இதை மிஞ்ச எதுவுமில்லை. அடுத்து வரும் வாஷ் (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த அடர்நிறப் பெயின்ட்) வேறுபாட்டை மங்கச் செய்யும் என்பதால், முதலில் கொஞ்சம் மிகையாகவே அடிக்க வேண்டும். ஆனால் 1943 பிப்ரவரிக்குப் பிறகு ஜெர்மானியர்கள் அடர்மஞ்சளை அடிநிறமாக்கி, மேலே பச்சையும் செம்பழுப்பும் அடித்தார்களே, அந்த மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக வெளிறல், அடர்த்தி கலந்துகொண்டிருந்தால் பொறுமை போய்விடும்.

அங்கேதான் ஆயில் கலர் ஜெயிக்கிறது. மேட் அல்லது அரைப்பளபளப்பு வார்னிஷ் காய்ந்த பரப்பில் வெள்ளை, மஞ்சள், பழுப்பு என்று சின்னப் புள்ளிகள் வைத்து, மினரல் டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்தால் போதும். மூன்று நிறமும் ஒன்றோடொன்று இசைந்துவிடும். பிடிக்கவில்லையா, துடைத்துவிடலாம். மற்ற இரண்டிலும் இந்த வசதி கிடையாது. ஓவியக் கடை டியூபே போதும். பெயின்டைக் கொஞ்ச நேரம் அட்டைத்துண்டில் பிதுக்கி வைத்தால் எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், பளபளப்பு குறைந்து சீக்கிரமும் காயும். ஹார்டுவேர் கடையில் டர்பன்டைன் கேட்கும்போது என்.சி. தின்னரை வாங்கிவந்துவிடாதீர்கள், அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

நம் ஊர் ஈரமும் ஆயில் பக்கமே சாய்கிறது. மழை நாளில் லாக்கர் (தின்னர் ஆவியாகிக் காயும் பெயின்ட்) அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். காற்றழுத்தும் கம்ப்ரசரில் நீர்பிரிப்பான் இல்லாவிட்டால், பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் தண்ணீரைத் துப்பும். ஆயில் கலருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுவது அது, காய நாள் கணக்கில் ஆகும், அவ்வளவுதான். ஆகவே அடிநிறத்தை வெயில் நாளில் முடித்துக்கொண்டு, ஆயில் வேலையை மழைக்கு ஒதுக்கிவையுங்கள்.

இன்னொன்று, வெளிச்சம் பற்றியது. நாகர்கோவிலில் ஏப்ரல் இரண்டாம் வாரமும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடியிலேயே கிடக்கும். அதையே பார்த்துப் பழகிய கண் டாங்கியிலும் மேல்தகட்டை வெளுப்பாக்கி, பக்கங்களை இருட்டாக்கத் தூண்டும். ரஷ்யாவின் பெரும் டாங்கிப் போர்க்களமான குர்ஸ்க் ஏறக்குறைய 52 பாகை வடக்கே இருக்கிறது, 1943 ஜூலையிலும் அங்கே சூரியன் சாய்ந்துதான் நின்றிருக்கும். அதனால் பக்கத்தகடுகளிலும் வெளிச்சம் கொடுங்கள். தூசிக்கும் இதே கவனம் வேண்டும். குர்ஸ்க் கரிசல் பூமி, நம் செம்மண் நிறத்தைச் சக்கரத்தில் தூவக் கூடாது.